பெயரில்லாப் பாட்டும் பெயர் கேட்கும் பத்திரிகையும்

பத்திரிகைத் தொழிலில் புகுகின்ற இளைஞனுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம், பெயரைக் கேள் என்பது. செய்தியைச் சொன்னவர் யார், எந்த ஊரினர், எப்போது சொன்னார், எவர் முன்னிலையில் சொன்னார் என்பவற்றையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாலன்றி, அவன் எழுதுவதை ஆசிரியர் அச்சுக்கு அனுப்பமாட்டார். நாட்டுப் பாடலின் இயல்போ இதற்கு நேர்மாறானது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடுகின்ற தாயிடம், 'இதை இயற்றியவர் யார்?' என்று கேட்டால் அவள் சிரிப்பாள். அவளுடைய பாட்டி பாடினாள். ஆகவே அவளும் பாடுகிறாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை.

பெயர் கேட்கும் தொழிலையும் பெயரில்லாத பாட்டின்மீது கொண்ட காதலையும் ஒருங்கே சுமந்து வாழ்கின்ற அமெரிக்க எழுத்தாளர் ஒருவரைப் பற்றியே இப்பேச்சு. எலைசா கிரிஸ்வோல்டு என்பது அவர் பெயர். கவிஞர், பத்திரிகையாளர், மொழிபெயர்ப்பாளர். இவருடைய எல்லா நூல்களையும் இங்கு ஒரே அளவாகப் பேசப்போவதில்லை. ஆப்கானிஸ்தானத்துப் பெண்களின் இரண்டடிப் பாடல்களைத் தேடி இவர் சென்ற வரலாறு எல்லாவற்றினும் சிறந்ததென்று கருதுகிறேன். ஆதலால் அதனையே விரித்துச் சொல்வேன்.

கிரிஸ்வோல்டு அம்மையார் 1973ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் பிராங்கு கிரிஸ்வோல்டு, எப்பிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்த குருமார். பிலடெல்பியாவில் பங்குக் குருவாக இருந்து, பின்னர்ச் சிகாகோ நகரத்துப் பேராயராகி, 1998 முதல் 2006 வரை அமெரிக்காவில் அத்திருச்சபை முழுவதற்கும் தலைமைப் பேராயராக விளங்கியவர். குருமனையில் வளர்ந்த குழந்தைக்கு, நம்பிக்கையுள்ளவரின் பேச்சும் ஐயமுற்றவரின் பேச்சும் ஒரே மேசையில் காதில் விழும். சமய நம்பிக்கை மனிதரை என்ன செய்விக்கிறது என்ற கேள்வி இவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கு அவ்வீடே காரணம் என்று கொள்வது பிழையாகாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியம் பயின்றார்.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நியூயார்க்கு நகரத்து இரட்டைக் கோபுரங்கள் வீழ்த்தப்பட்டதும், அடுத்த மாதமே அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானத்தின்மேல் சென்றதும் மாணவர்கள் வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் கிரிஸ்வோல்டு ஆப்கானிஸ்தானத்துக்கும் பாகிஸ்தானத்துக்கும் இடைப்பட்ட மலைநாட்டிலிருந்து செய்தி எழுதினார். வஜீரிஸ்தானத்தைப் பற்றி 'நியூயார்க்கர்' இதழுக்கு 2004இல் எழுதிய கட்டுரை, புலனாய்வுப் பத்திரிகைத் துறைக்குரிய பரிசொன்றை இவருக்கு ஈட்டித்தந்தது. 2007இல் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. போர்க்களத்துச் செய்தியாளர் கண்டதைக் கவிஞர் மறக்கவில்லை என்பதற்கு அத்தொகுதியே சான்று.

2010இல் வெளியான 'பத்தாவது அட்சரேகை' என்னும் உரைநடை நூல் இவருடைய பெயரைப் பரப்பியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்தாவது பாகையில் உலகைச் சுற்றிவரும் கோட்டினை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அக்கோடு மதுரைக்குச் சற்று வடக்கே செல்கிறது. கிரிஸ்வோல்டு நடந்தது அக்கோட்டிலும் அதற்குத் தெற்கேயும் உள்ள வேறு நாடுகளில்: நைஜீரியா, சூடான், சோமாலியா, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்சு. இஸ்லாமும் கிறிஸ்தவமும் எதிர்ப்படும் இந்நாடுகளில் ஏழாண்டுக் காலம் அலைந்து, சமயப் பூசல் என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டவற்றின் அடியில் நிலமும் நீரும் எண்ணெயும் கிடப்பதைக் கண்டெழுதினார். நைஜீரியாவின் நடுப்பகுதியில் வறட்சி தெற்கே தள்ளுகின்ற மாட்டிடையர்கள் ஒரு சமயத்தினர். உழுதுண்ணும் குடிகள் மற்றொரு சமயத்தினர். மேய்ச்சலுக்கும் பயிருக்கும் நேர்ந்த தகராறு, இறைவனின் பெயரால் நடக்கும் தகராறாக மாறிவிடுகிறது. ஆண்டோனி லூகாஸ் நினைவுப் பரிசு 2011இல் இந்நூலுக்குக் கிடைத்தது.

இனி, பாட்டுக்கு வருவோம்.

ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானத்திலும் எல்லையின் இருபுறத்தும் வாழும் பட்டாணியர் பேசும் மொழி பஷ்டூ. அம்மொழியில் பெண்கள் பாடும் சிறு பாடல் ஒன்று உண்டு. அதனை 'லண்டை' என்பர். இரண்டே அடிகள். உயிரொலிகளை எண்ணிப் பார்த்தால் முதலடியில் 9, இரண்டாமடியில் 13, ஆக 22. நம் குறள் வெண்பாவில் முதலடி நாற்சீராக நீண்டு, இரண்டாமடி முச்சீராகக் குறுகி முடிகிறது. லண்டையோ குறுகத் தொடங்கி நீண்டு முடிகிறது. ஈற்றில் பெரும்பாலும் 'ம' அல்லது 'ன' என்னும் ஒலி வந்து நிற்கும். 'லண்டை' என்ற சொல்லுக்குப் பஷ்டூ மொழியில் குட்டையான நச்சுப் பாம்பு என்றும் பொருளுண்டு. கடி சிறியது, நஞ்சு பெரியது என்பதை விளக்க வேறு உரை வேண்டுவதில்லை.

காதல், போர், தாய்நாடு, பிரிவு, துயரம் ஆகிய ஐந்தும் லண்டையின் பாடுபொருள்கள். வெளியுலகில் பட்டாணியப் பெண் முகத்தை மறைத்து, குரலைத் தாழ்த்தி, தலைகுனிந்து நடக்க வேண்டும் என்பது வழக்கம். பாட்டிலோ அவள் வேறொருத்தியாகிவிடுகிறாள். கிழவனுக்குத் தன்னை மணமுடித்த தந்தையைச் சுடுசொல்லால் சாடுவாள். கணவனின் இயலாமையை எள்ளி நகையாடுவாள். போரில் புறங்கொடுத்து மீண்ட காதலனை இகழ்வாள். இந்தக் கடைசிவகைப் பாடல்களைக் கேட்பவருக்குப் புறநானூற்றுத் தாயர் நினைவுக்கு வருவர். 1880ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மைவந்து என்னுமிடத்தில் ஆங்கிலேயரின் இந்தியப் படைக்கும் ஆப்கானியருக்கும் கடும்போர் நடந்தது. தளர்ந்து பின்வாங்கிய ஆப்கானிய வீரர்முன் மலாலை என்னும் இளம்பெண் நின்று ஒரு லண்டையைப் பாடி அவர்களைத் திருப்பினாள் என்பது அந்நாட்டார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. நோபெல் பரிசு பெற்ற மலாலா யூசுப்சாய்க்கு இட்ட பெயர் அவளுடையதே.

பாட்டில் இவ்வளவு துணிவு எவ்வாறு வந்தது? பாடியவளின் பெயர் பாட்டில் இல்லாமையால் வந்தது என்பதே விடை. எவரேனும் சினந்து கேட்டால், 'நான் கட்டியதன்று. திருமண வீட்டில் காதில் விழுந்தது' என்று சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்வது பொய்யும் ஆகாது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த பாட்டில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி இவள் பாடியிருப்பாள். பழைய பாட்டில் ஆங்கிலேயன் இருந்த இடத்தில் புதிய பாட்டில் அமெரிக்கன் வந்து நிற்பான். நீர்த்துறை இருந்த இடத்தை இணையம் பிடித்துக்கொள்ளும். ஆளில்லா விமானமும் பேஸ்புக்கும் இருபத்திரண்டு ஒலிகளுக்குள் இடம் தேடிக்கொள்ளும். பாட்டு பொதுச்சொத்து, மாற்றம் மட்டுமே அவளுடையது. அம்மாற்றத்தையும் யாரும் பிடித்துக் காட்ட இயலாது.

ஆனால் எல்லாப் பெண்களும் இவ்வாறு தப்பிவிடுவதில்லை.

ஹெல்மந்து மாகாணத்தில் ஒரு சிறுமி இருந்தாள். போர் ஓயாத மாகாணம் அது. தாலிபான்களின் வலிய கோட்டை. கடத்திச் செல்வார்களோ என்று அஞ்சிய தந்தை, ஐந்தாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். வீட்டைவிட்டு வெளியே செல்லவும் இசைவில்லை. அதற்குப்பின் அவளுக்கு வாய்த்த கல்வி கவிதை ஒன்றே. அதனை அவள் மற்றப் பெண்களிடமிருந்தும் வானொலியிலிருந்தும் கற்றாள். நேயர்களே, இச்செய்தியை வானொலியில் பேசுகின்றவன் எளிதில் கடந்துசெல்ல முடியாது. ஒலிபரப்புகின்ற நாம், கேட்கின்றவர் யாரென்று காண்பதில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒருத்தி அதனையே பள்ளிக்கூடமாகக் கொண்டிருப்பாள் என்று எண்ணிப் பார்ப்பதும் அரிது.

அவள் தனக்கு ரஹீலா முஸ்கா என்று புனைபெயர் சூட்டிக்கொண்டாள். 'முஸ்கா' என்றால் புன்னகை. காபூல் நகரில் 'மிர்மன் பஹீர்' என்னும் பெண்கள் இலக்கியச் சங்கம் ஒன்று இருந்தது. கோஸ்து மாகாணத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாஹிரா ஷரீப் என்பவர் நிறுவியது. காபூலில் இருந்த உறுப்பினர்கள் வெளிப்படையாகக் கூடிக் கவிதை படித்தனர். பேராசிரியர்களும் பத்திரிகையாளர்களும் அவர்களில் இருந்தனர். மாகாணங்களில் இருந்த பெண்களோ மறைவாகத் தொலைபேசியில் அழைப்பர். இங்கே ஒருத்தி எழுதுகோலுடன் அமர்ந்திருக்க, அங்கே ஒருத்தி தாழ்ந்த குரலில் அடிகளைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வர். முஸ்காவும் அவ்வாறே லண்டைகளைச் சொல்லிவந்தாள். அவள் கவிதை எழுதுவதைத் தமையன்மார் கண்டுபிடித்தனர், அடித்தனர். 2010ஆம் ஆண்டு அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். அவள் எழுதிவைத்த ஏடுகளும் எஞ்சவில்லை.

இச்செய்தியே கிரிஸ்வோல்டை ஆப்கானிஸ்தானத்துக்கு மீண்டும் அழைத்துச் சென்றது. சீமஸ் மர்பி என்னும் புகைப்படக் கலைஞர் உடன் சென்றார். முஸ்கா யார், அவளுக்கு நேர்ந்தது என்ன என்று விசாரிப்பது செய்தியாளரின் வேலை. அதனைச் செய்து, 'நியூயார்க்கு டைம்ஸ்' பத்திரிகையின் வார இதழில் 2012 ஏப்ரல் மாதம் கட்டுரை எழுதினார். அவ்வளவில் கடமை முடிந்ததென்று அவர் திரும்பியிருக்கலாம். ஆனால் அச்சிறுமி தொலைபேசியில் சொன்ன பாட்டு அவரை விடவில்லை. அது அவள் இயற்றியதன்று. எல்லாரும் பாடும் பழைய லண்டை. இயற்றாத பாட்டைச் சொன்னவளும் கவிஞர்தானா என்ற கேள்வி இங்கே பிறக்கிறது. தன் நிலைக்குப் பொருந்தும் பாட்டைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து தேர்ந்தெடுத்து, தக்க வேளையில் சொன்னவளைக் கவிஞர் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பிறகு தொடங்கிற்று, பாட்டுத் தேடும் பயணம். அகதிகள் முகாம்கள், தனி வீடுகள், திருமணக் கூட்டங்கள் என்று இடம் இடமாகச் சென்றார். பெண்கள் பாடும் அறைக்குள் ஆடவர் நுழைய முடியாது. பெண்ணாகப் பிறந்தது அங்கே அவருக்கு உதவிற்று. ஆயினும் கையில் குறிப்பேட்டை எடுத்ததும் வாய் மூடிக்கொள்ளும். பாடுவது வேறு, பாடியது எழுத்தில் பதிவது வேறு. காற்றில் கரைந்த பாட்டுக்குச் சாட்சி இல்லை. தாளில் ஏறிய பாட்டுக்கு உண்டு. இதனை அப்பெண்கள் நன்றாக உணர்ந்திருந்தனர்.

செய்தியாளர் ஒருவர் இங்கே அடைந்த சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். பெயர், ஊர், நாள் ஆகியவை இருந்தால்தான் அவருடைய எழுத்து நம்பத்தக்கதாகும். அவற்றை எழுதினாலோ, பாட்டைத் தந்தவளுக்குத் தீங்கு நேரலாம். அவ்வளவில் நின்றுவிடுமோ? தொகுப்பவருக்கும் தீங்கு நேர்ந்ததுண்டு. சையது பஹாவுதீன் மஜ்ரூஹ் என்னும் ஆப்கானிய அறிஞர் இவருக்கு முன்பே லண்டைகளைத் திரட்டியவர். சோவியத்துப் படை அந்நாட்டில் இருந்த காலத்தில் பெஷாவரில் புகலிடம் கொண்டிருந்த அவர், 1988 பிப்ரவரி மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவருடைய லண்டைத் தொகுதிக்கு வாய்த்த பெயர் 'தற்கொலையும் பாட்டும்' என்பது. முஸ்கா பிறப்பதற்கு முன்பே அமைந்துவிட்ட தலைப்பு!

அச்சங்கடத்துக்குக் கிரிஸ்வோல்டு கண்ட வழி பெரிய தத்துவம் ஒன்றும் அன்று. பாட்டை அதன் மரபுப்படியே பெயரின்றி விட்டார். அது பிறந்த சூழலை மட்டும் செய்தியாளரின் கண்ணோடு எழுதினார். பாட்டு ஒரு பக்கம், பின்னணி ஒரு பக்கம், மர்பியின் படங்கள் ஒரு பக்கம் என்று நூல் அமைந்தது. சிகாகோவிலிருந்து 1912 முதல் வெளிவரும் 'பொயட்ரி' என்னும் கவிதை இதழ், 2013 ஜூன் மாத வெளியீட்டை இப்பாடல்களுக்கென்றே ஒதுக்கியது. 2014இல் நூலாகி, 2015இல் மொழிபெயர்ப்புக் கவிதைக்குரிய பென் சங்கப் பரிசையும் பெற்றது.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். கிரிஸ்வோல்டு பஷ்டூ மொழிப் புலவர் அல்லர். அம்மொழியினர் முதலில் சொல்லுக்குச் சொல்லாகப் பொருள் தருவர். பின்பு அறிஞரும் எழுத்தாளரும் பொதுமக்களும் அதனைப் பார்த்துத் திருத்துவர். அதன்பின்னரே அவர் ஆங்கில அடிகளை அமைப்பார். மூலத்தில் எதுகை இயைபு மிகுதியாக இல்லை. ஆங்கிலத்திலோ இவர் பல பாடல்களுக்கு இயைபு சேர்த்திருக்கிறார். பஷ்டூவில் கேட்கும் குறும்பும் துள்ளலும் ஆங்கிலக் காதில் இயைபின் வழியாகத்தான் புகும் என்பது அவர் கருத்து. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது தகுமா என்று கேட்பவர் இருக்கலாம். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த போப்பையர் செய்யுளாகவே பெயர்த்து இயைபும் வைத்தார்; அதனால் சில இடங்களில் பொருள் நெளிந்ததும் உண்டு. பாட்டு பாட்டாகத்தான் கடல் கடக்கும் என்று நினைப்பவருக்கு இந்த நெளிவு தவிர்க்க முடியாத சுங்கம். கிரிஸ்வோல்டு அச்சுங்கத்தைத் தெரிந்தே செலுத்தினார். செலுத்தியதை முன்னுரையில் மறைக்கவும் இல்லை.

வேறோர் ஐயமும் உண்டு. அது எளிதில் தீர்வதன்று. படையெடுத்துச் சென்ற நாட்டிலிருந்து வந்த ஒருவர், படையெடுக்கப்பட்ட நாட்டுப் பெண்களின் பாட்டைத் தொகுத்துப் பரிசு பெறுவது எத்தகையது? அவர் தம் ஊருக்குத் திரும்பிவிடுவார். பாடியவள் அங்கேயே இருப்பாள். இதற்கு அந்நூல் தருகின்ற ஒரே விடை, அமெரிக்கரைச் சபிக்கும் லண்டைகளையும் விலக்காமல் சேர்த்திருப்பதுதான். அவ்விடை போதுமா என்பதை நூலைப் படிக்கும் மாணவர் தாமே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

லண்டைகளை அவர் தேடிய அதே ஆண்டுகளில், சொந்த நாட்டில் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் தென்மேற்கில் வாஷிங்டன் கவுண்டி என்னும் பகுதியில் அமிட்டி, பிராஸ்பெரிட்டி என்ற இரு சிற்றூர்கள் உள்ளன. முன்னதற்கு நட்பு என்பதும் பின்னதற்குச் செழிப்பு என்பதும் பொருள். அவ்வட்டாரத்தில் நிலத்தின் அடியிலுள்ள பாறையை, மணலும் இரசாயனமும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பிளந்து எரிவாயு எடுத்தனர். செவிலியாகப் பணிபுரிந்துகொண்டு இரு குழந்தைகளைத் தனியே வளர்த்துவந்த ஒரு தாய், தம் வீட்டுக்கு மேலே அமைந்த கழிவுநீர்க் குட்டையே தம் மக்களின் நோய்க்கும் கால்நடைகளின் சாவுக்கும் காரணம் என்று முறையிட்டார். கிரிஸ்வோல்டு ஏழாண்டுகள் அக்குடும்பத்தைத் தொடர்ந்து சென்று எழுதினார்.

இங்கே நிலைமை தலைகீழாயிற்று. நீதிமன்றத்துக்குப் பெயரில்லாத துயரம் வேண்டாம். யாருடைய கிணறு, எந்த நாளில் எடுத்த நீர், யாருடைய இரத்தத்தில் என்ன நஞ்சு என்பவை ஏட்டில் ஏறினாலன்றி வழக்கு நில்லாது. ஆப்கானியப் பெண்ணைப் பெயரின்மை காத்தது. பென்சில்வேனியத் தாய் தம் பெயரைக் கொடுத்தால்தான் பேசவே முடியும், கொடுத்ததற்காக அண்டை அயலாரின் பகையையும் தாங்க வேண்டும். எரிவாயுக் குத்தகையால் பணம் பெற்ற அயலார் பலர் அவ்வூரில் இருந்தனர். அவர்களையும் தீயவர்களாக நூல் காட்டவில்லை. நெடுங்காலம் வறுமையுற்றிருந்த உழவர் கையில் பணம் வந்ததன் மகிழ்ச்சியையும் அது சொல்கிறது. இதே போராட்டத்தோடு தொடர்புடைய மற்றொரு வழக்கில், எரிவாயுக் கிணறுகள் எங்கே அமையலாம் என்று முடிவுசெய்யும் உரிமையை உள்ளூராட்சிகளிடமிருந்து பறித்த 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் பகுதிகளை, 2013 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. தூய காற்றுக்கும் தூய நீருக்கும் மக்களுக்கு உரிமையுண்டு என்று 1971இல் அம்மாநில அரசியலமைப்பில் சேர்த்த ஒரு திருத்தம், நாற்பதாண்டுகளுக்குப்பின் அப்போது விழித்துக்கொண்டது. நூல் 2018இல் வெளிவந்து, 2019இல் புலிட்சர் பரிசு பெற்றது.

2020இல் இரண்டாம் கவிதைத் தொகுதி வந்தது. 2024இல் பிலடெல்பியாவின் ஒரு திருச்சபை உட்பூசலால் கலைந்த கதையை எழுதினார். பேராயரின் மகள் தம் தந்தை குருவாக இருந்த நகரத்துக்கே திரும்பிய நூல் அது. தந்தையார் அதற்கு முன்னாண்டில் மறைந்திருந்தார்.

ஆப்கானிஸ்தானத்தில் 2021 ஆகஸ்டு மாதம் தாலிபான்கள் மீண்டும் ஆட்சியைப் பிடித்தனர். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களின் கதவு பெண்களுக்கு அடைக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் பிறந்த ஒழுக்கச் சட்டம், பெண்ணின் குரலையே மறைக்க வேண்டியவற்றுள் ஒன்றாக வைத்து, பொதுவிடத்தில் அவள் பாடுவதையும் உரக்கப் படிப்பதையும் தடுத்தது. முஸ்காவைத் தந்தை பள்ளியிலிருந்து நிறுத்தியது ஐந்தாம் வகுப்பில். அவளுக்குப்பின் பிறந்த பெண்குழந்தைகளை அந்நாட்டு அரசு நிறுத்துவது ஆறாம் வகுப்பில்.